மலைமேல் வளாக வானொலியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துவது எப்படி?

கல்லூரி வானொலியில் நகைச்சுவை நிகழ்ச்சி செய்ய முன்வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஜோக் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்காதீர்கள். கேட்கிறவர் அதை ஏற்கெனவே நாலு குழுக்களில் பார்த்திருப்பார்.

அதற்குப் பதில், ஒரு ரேடியோவோடு, நம் வானொலி இருக்கும் நீலகிரிக் கோத்தகிரியைச் சுற்றி நடந்து வாருங்கள். கோடை பண்பலை கொடைக்கானல் உச்சியிலிருந்து பல மாவட்டங்களுக்குக் கேட்கும். ஆனால் நம் கல்லூரி வானொலி போன்ற சமுதாய வானொலிக்கு அனுமதி பொதுவாக 100 வாட்தான். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. நடுவில் ஒரு மேடு வந்தால் அடுத்த ஹட்டிக்கே (படகர் ஊருக்கே) கேட்காது. எந்தெந்த ஹட்டி, எந்த எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு), எந்த பஸ் ஸ்டாப்பில் கேட்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நடப்பதுதான் உங்கள் நிகழ்ச்சி. உதாரணத்துக்கு, சீசனில் காட்டேஜ் வாடகைக்கு எடுத்தவர் காலையில் அதன் உரிமையாளருக்குப் போன் செய்கிறார்:

"பால்கனியில நின்னா மலை தெரியும்னு சொன்னீங்களே?"

"மலை அங்கேதான் இருக்குங்க சார். மிஸ்ட் போனதும் தெரியும்."

"எப்போ போகும்?"

"நீங்க ரூம் காலி பண்ற நேரத்துக்குப் போயிடும்."

இரண்டு குரல் போதும். கோத்தகிரியில் இருப்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

எழுதும்போது காதால் யோசியுங்கள். தெருவுக்குள் காட்டெருமை வந்துவிட்டது என்று காட்ட ஒருவர் எருமை மாதிரி கத்த வேண்டாம். குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிற்கட்டும். பால் கேன் கீழே விழுந்து உருளட்டும். "அசையாதீங்க" என்று ஒருவர் மெதுவாகச் சொல்லட்டும். அவ்வளவுதான், கேட்கிறவர் கண்ணுக்கு முன்னால் அது வந்து நின்றுவிடும்.

யாரை வைத்துச் சிரிக்கிறோம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. படகர், இருளர், கோத்தர், குறும்பர், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று எல்லாரும் கேட்கும் வானொலி இது. ஒருவர் பேச்சை இன்னொருவர் பழித்துக் காட்டக் கூடாது. படகர் மொழியில் வசனம் வேண்டுமா? படகப் பிள்ளை எழுதி, அவரே பேசட்டும். பச்சைத் தேயிலை விலை இறங்கிய வாரத்தில் விவசாயியைக் கிண்டல் செய்யாதீர்கள். எடை போடும் தராசைக் கிண்டல் செய்யுங்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போலிச் செய்தி வாசிப்பும் வேண்டாம். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே தரலாம். விளையாட்டாகச் சொன்னதையும் நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

ஒலிப்பதிவுக்குப் பெரிய செலவில்லை. சுவரில் கம்பளி தொங்கவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் 'ப' வெடிக்காது. வெட்டி ஒட்ட இலவசமான ஆடாசிட்டி போதும். ரெடிமேட் சிரிப்பொலியை ஒட்டாதீர்கள். கேன்டீன் அக்காக்களை உள்ளே உட்கார வையுங்கள். அவர்கள் சிரிக்காத இடத்தை வெட்டிவிடலாம்.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாக அடிக்கும். அக்டோபர், நவம்பரில் தகரக் கூரைக்குக் கீழே பேசவே முடியாது. அதனால் செப்டம்பரிலேயே சில நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்துவிடுங்கள். எல்லாரும் தன்னார்வலர்கள், பரீட்சை வந்தால் வர மாட்டார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள்.

அப்புறம், ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கோப்பின் பெயரிலேயே தேதியையும் பேசியவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.