பூங்காவில் பாடம்: பதினொரு மணிக்கு மரத்தை அளக்காதீர்கள்

செம்மொழிப் பூங்காவிலோ அண்ணா நகர் டவர் பூங்காவிலோ ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். டேப், நோட்டு, பிள்ளை சகிதம் ஒரு குடும்பமாவது வந்து சேரும். கொஞ்ச நேரத்தில் டேப் பைக்குள் போய்விடும், பிள்ளை ஊஞ்சலுக்குப் போய்விடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு நம்முடையது, அவற்றில் சில இங்கே. தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் சொல்லாமலே தெரியும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

நேரம் பார்க்காமல் நிழலை அளப்பது

மரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிப்பது எல்லோரும் எடுக்கிற முதல் வேலை. கெட்டுப்போவதும் அதுதான். இட்லி சாப்பிட்டு, கிளம்பி, வண்டியை நிறுத்த இடம் தேடி உள்ளே வரும்போது மணி பதினொன்று. சென்னை வடக்கு அட்சரேகை 13 டிகிரியில் இருக்கிற ஊர். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளையொட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட கோலுக்கு அப்போது நிழலே இருக்காது. அந்த மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். “அப்பா, நிழல் எங்க முடியுது?” என்று பிள்ளை கேட்கும். அப்பாவுக்கும் தெரியாது.

காலை எட்டரை மணிக்கு அளந்துவிடுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஒன்பதேகால் வாக்கில் நிழலின் நீளம் ஏறக்குறைய உயரத்துக்குச் சமமாக வரும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க அதற்கு முன்பே போவது நல்லது.

அடுத்தது, இரண்டு நிழல்களை அளப்பதற்கு நடுவில் விடும் இடைவெளி. ஒரு மீட்டர் பிவிசி பைப்பின் நிழல் 1.25 மீட்டர், மரத்தின் நிழல் 15 மீட்டர் என்றால் உயரம் 12 மீட்டர். வடிவொத்த முக்கோணம் (இரண்டிலும் உயரத்துக்கும் நிழலுக்கும் ஒரே விகிதம்), அவ்வளவுதான். ஆனால் பைப்பை அளந்துவிட்டு, நடுவில் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டு, கால்மணி கழித்து மரத்தை அளந்தால்? அதற்குள் சூரியன் மூன்றரை டிகிரி ஏறியிருக்கும். மரத்தின் நிழல் 13.2 மீட்டராகச் சுருங்கியிருக்கும். அதைப் பழைய 1.25-ஆல் வகுத்தால் பத்தரை மீட்டர்தான் வரும். சுண்டல் சாப்பிட்ட நேரத்தில் மரம் ஒன்றரை மீட்டர் குட்டையாகிவிட்டது!

இரண்டு பேர் நில்லுங்கள், ஒருவர் மரத்தின் நிழல் நுனியில், ஒருவர் பைப்பின் நிழல் நுனியில். “இப்போ” என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு விழுந்த பிறகு எத்தனை நேரம் ஆனாலும் கவலையில்லை. வீட்டு டேப் மூன்று மீட்டரோ ஐந்து மீட்டரோதான் இருக்கும். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட இருபது மீட்டர் சணல் கயிறு எடுத்துப்போங்கள். பைப் செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நிழல் விழும் பக்கம் ஐந்து டிகிரி சாய்ந்தாலே பைப்பின் நிழல் எட்டு சென்டிமீட்டர் கூடும். மரம் முக்கால் மீட்டர் குறையும். மரத்தின் நிழலை அடிமரத்தின் நடுவிலிருந்து கணக்கிட வேண்டும். பட்டையிலிருந்து அளந்தால் பாதி விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வினை இருக்கிறது. தூங்குமூஞ்சி மரம் குடைபோல விரிந்தது. அதன் நிழலின் ஓரம் கிளையின் ஓரம், உச்சி அல்ல. நெட்டிலிங்கம், பனை, தென்னை போல நெட்டையாக நிற்பதை எடுங்கள். அதற்கும் முன்னால் அப்பாவின் நிழலை அளந்து கணக்குப் போடுங்கள். 172 சென்டிமீட்டர் ஆள் 190 என்று வந்தால் எங்கோ பிசகு.

எரிச்சல் மூட்டுவது இதெல்லாம்கூட இல்லை. விடை கோணலாக வந்ததும் “பரவால்ல, பன்னெண்டுன்னே எழுதிக்கோ” என்கிறார்களே, அதுதான். புத்தகத்துக் கணக்கு வெளியில் எடுபடாது என்று பிள்ளை முடிவுகட்டுவது அந்த நொடியில்தான். மரம் ஏன் குட்டையாயிற்று என்று தேடியிருந்தால் பூமி சுற்றுவதும் அட்சரேகையும் தானாக வந்திருக்கும்.

சுற்றளவை வைத்து வயது சொல்வது

சொல்லாதீர்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சணலைச் சுற்றி அளப்பது சரி. (கம்பளி நூல் இழுபடும், வேண்டாம்.) சுற்றளவு 220 சென்டிமீட்டர் என்றால் 22/7-ஆல் வகுக்க, விட்டம் 70. அத்தோடு நிறுத்துங்கள். இணையத்தில் சுற்றும் வயதுச் சூத்திரங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களுக்கானவை. நம் ஊரில் மண்ணும் தண்ணீரும் பொறுத்து ஒரே வயது மரங்கள் வெவ்வேறு பருமனில் நிற்கும்.

பெயர் தெரிய உடனே ஃபோனை எடுப்பது

ஃபோன் பெயரைச் சொன்னதும் பிள்ளை இலையைப் பார்ப்பதை நிறுத்திவிடும். முதலில் இலை, பட்டை, காய். பெயர் கடைசியில். பெயரிலும் பாடம் உண்டு. நெட்டிலிங்கத்தை எல்லோரும் அசோகா என்கிறார்கள். உண்மையான அசோக மரம் வேறு. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பெயர் மட்டும் அசல் தமிழ். சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் இலைகள் மடிந்து தொங்குவதை நின்று பாருங்கள். பழந்தமிழில் ‘தூங்கு’ என்றால் தொங்கு. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஒன்று ‘தூங்கு இணர்க் கொன்றை’, தொங்கும் கொத்து. சித்திரையில் சரக்கொன்றையின் கீழே நின்றால் உரை தேவையில்லை.

பெயர்ப்பலகையைப் படமெடுத்துவிட்டு நகர்வது

வரலாறு ஒரு பலகையில் இல்லை, இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருக்கிறது. பனகல் பூங்காவிலிருந்து வெங்கடநாராயணா சாலையில் நடந்தால் நடேசன் பூங்கா. பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர், நீதிக்கட்சிக்காரர். நடேச முதலியார் அந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தி.நகரின் ‘தி’யும் அதே கட்சியின் தியாகராயர்தான். மூன்று பெயரையும் எழுதவைத்து, இவர்களுக்குள் என்ன உறவு என்று கேளுங்கள். விடையைத் திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னால் போதும்.

பூப் பறிப்பது

உதிர்ந்தது போதும்.

ஐந்து பாடத்துக்கு ஐந்து தாள்

ஒரு மரம். ஒரு நோட்டு.

அன்றிரவே கட்டுரை கேட்பது

மூன்று நாள் விட்டு, சாப்பிடும்போது “அந்த மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருந்துது?” என்று கேளுங்கள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் சொல்வார்கள். அடுத்த ஞாயிறு திசைகாட்டியையும் எடுத்துப்போங்கள்.