தோட்டத்துச் சடக்கில் ஒற்றை விரல் பிரேக்: முதலில் லீவரைக் கைக்குப் பொருத்துங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் மவுண்டன் பைக் ஓட்டத் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் பார்ப்பது விரல்களைத்தான். இறக்கம் வந்ததும் நான்கு விரலும் லீவருக்குப் போய்விடும். அப்புறம் ஹேண்டல்பாரைப் பிடித்திருப்பது கட்டைவிரலும் உள்ளங்கையும் மட்டுமே. லோரி போட்ட குழியில் சக்கரம் விழுந்தால் கை கழன்றுவிடும். கேட்டால், "ஒரு விரலுக்குப் பிரேக் பிடிக்கவில்லை அண்ணே" என்பார்கள். பெரும்பாலும் பிரேக்கில் குறை இருக்காது. லீவர் இருக்கும் இடம்தான் சரியில்லை.

ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும்) டிஸ்க் பிரேக் என்றால் ஆள்காட்டி விரல் ஒன்றே போதும், மற்ற மூன்றும் பிடியை விடவே கூடாது. கேபிள் பிரேக் வைத்திருப்பவர்கள் இரண்டு விரல் போடலாம், தவறில்லை.

முதல் படி: எந்தக் கை முன் பிரேக் என்று பாருங்கள். மோட்டார் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலக்கைதான் முன் பிரேக். சைக்கிள்கள் எல்லாம் அப்படி வருவதில்லை. மாறியிருந்தால் கடையில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்தில் கை பழகிய பக்கம்தான் போகும்.

இரண்டாவது படிதான் முக்கியமானது. லீவரின் நுனியில் உள்வளைந்த ஒரு கொக்கி இருக்கும். விரல் அங்கேதான் உட்கார வேண்டும். நுனியில் இழுத்தால் குறைந்த பலத்தில் நிறையப் பிரேக் கிடைக்கும். நடுவில் இழுத்தால் அதே பிரேக்குக்கு விரல் நோக வேண்டும். புது சைக்கிளில் லீவர் கிரிப்பை ஒட்டியே இருக்கும், அதனால் விரல் நடுவில் விழும். லீவரை ஹேண்டல்பாரில் இறுக்கியிருக்கும் கிளாம்ப் போல்ட்டை அல்லன் கீயால் தளர்த்தி (பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ.) லீவரை ஹேண்டல்பாரின் நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். கையை கிரிப்பின் வெளி ஓரத்தில் வைத்து, ஆள்காட்டி விரலை நேராக நீட்டினால் கொக்கியில் விழ வேண்டும். கியர் ஷிஃப்டர் தடுத்தால் அதையும் நகர்த்துங்கள்.

மூன்றாவது, கோணம். உட்கார்ந்து பார்க்காதீர்கள். பெடலில் எழுந்து நின்று, முழங்கையை மடக்கி, இறக்கத்தில் இறங்கும் நிலையில் நில்லுங்கள். நண்பர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைத் திருப்புங்கள். தொடக்கத்துக்குக் கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 பாகை கீழே வைத்துப் பாருங்கள். செங்குத்தான இறக்கம் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கலாம்.

நான்காவது, கிரிப்புக்கும் லீவருக்கும் உள்ள தூரம். பல லீவர்களில் அதற்கென்று சின்ன திருகோ குமிழோ உண்டு. பிரேக் கவ்வத் தொடங்கும்போது விரல் வசதியாக மடங்கியிருக்க வேண்டும்; முழுதாக இழுத்தாலும் லீவர் மற்ற விரல்களின் முட்டியில் இடிக்கக் கூடாது. சின்னக் கைக்காரர்கள் இதைத் தவறவிடாதீர்கள்.

சரி, போல்ட்டை முறுக்குங்கள். ஓட்டும்போது நகராத அளவுக்குப் போதும், முழுப் பலம் வேண்டாம். அப்போதுதான் விழுந்தால் லீவர் திரும்பிக்கொள்ளும், எளிதில் உடையாது. போல்ட்டின் பக்கத்தில் எவ்வளவு முறுக்கலாம் என்ற அளவு (Nm) அச்சிட்டிருந்தால் அதை மீற வேண்டாம்.

இப்போது திடலுக்கு வாருங்கள். நேராக ஓட்டி, முன் பிரேக்கை மட்டும் மெல்ல மெல்ல இறுக்குங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே போகிறது, அதனால் முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின்சக்கரம் இலேசாகி எளிதில் சறுக்குகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். அதற்கு அஞ்சி பின் பிரேக்கையே நம்பியிருப்பவர்கள்தான் இறக்கத்தில் தடுமாறுகிறார்கள். குதிகாலை இறக்கி, இடுப்பைப் பின்னும் கீழுமாகத் தாழ்த்தினால் உடம்பு முன்னே பாயாது. முன் பிரேக் பழகியதும் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

தோட்டத்துக்குள் போனதும் ஒரு வழக்கத்தை விடாதீர்கள்: நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விரலைத் தளர்த்துங்கள். மழை பெய்த செம்மண்ணிலும், வெட்டிப்போட்ட மட்டை, உதிர்ந்த பழம் கிடக்கும் இடத்திலும் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் கணத்தில் நழுவும். அவற்றைத் தாண்டிய பிறகு பிடியுங்கள்.

ஓட்டி முடித்தபின் மணிக்கட்டு வலித்தால் கோணத்தையும், விரல் வலித்தால் தூரத்தையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதையும் சிறிதளவே மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.