வரி கட்டியும் வந்த நிலுவை நோட்டீஸ்

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதால், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தவறாமல் சொத்து வரி கட்டிவிடுவேன். அப்படியும் ஆறு அரையாண்டு நிலுவை என்று நகராட்சி நோட்டீஸ் வந்தது.

முதலில் பணம் போய்ச் சேரவில்லையோ என்று வங்கிக்கு நடந்தேன். எல்லாம் சேர்ந்திருந்தது. வரி வசூல் மையத்தில் ரசீதைக் காட்டினேன். "இதில் பாக்கி இல்லை, சார்" என்றார்கள். அப்போ நோட்டீஸ்? "தெரியலை." நான்கு நாள் இப்படியே போனது.

ராத்திரி நோட்டீஸையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெயர், தெரு எல்லாம் ஒன்று; வரிவிதிப்பு எண் மட்டும் வேறு. ஓரத்தில் பொடி எழுத்தில் 'காலியிட வரி'. வீடு கட்டும் முன் மனைக்குப் போட்ட வரி அது. கட்டடத்துக்குப் புது எண் கொடுத்தவர்கள் பழையதை மூடவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு, கட்டடத்துக்கு வரி விதித்த உத்தரவு, ரசீதுகள், மின் இணைப்பு அட்டை நகல்களுடன் ஆணையர் பெயருக்கு மனு கொடுத்தேன். வருவாய் உதவியாளர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் பழைய எண் ரத்து. வீட்டுக்கு வரி விழுவதற்கு முந்தைய ஓர் அரையாண்டு மட்டும் நிஜமாகவே பாக்கி, அதைக் கட்டிவிட்டேன்.