கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல்

பங்குனியில் வைத்தால் வைகாசிக் கடைசியில் மழை பிடிக்கும்வரை தேவைப்படும்.

குழாய் வைத்த 20 லிட்டர் மண்பானை ஒன்று போதும். புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினால் மண்வாடை குறையும். குழாய் மாட்டும்போது உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ரப்பர் வாஷர் போட்டு, நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பானர் போட்டால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும்; பிறகு எம்-சீல் பூசியும் பலனில்லை.

சுவரில் கசியும் நீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. நிழலும் காற்றும் இரண்டும் வேண்டும். குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நன்றாகவே குளிரும். கடலோரத்துக் குளச்சல், முட்டம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், நன்கொடையாளர் பெயர் எழுதவும்கூட. பானைச் சுவரின் நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

மோர் கொடுப்பதானால் தனி எவர்சில்வர் பாத்திரம். மண்பானையில் ஊற்றினால் துளைக்குள் மோர் ஏறி மறுநாளே நாறும். 1 லிட்டர் தயிரைக் கடைந்து, கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீர் 4 லிட்டர் சேர்த்தால் 200 மில்லி டம்ளரில் 25 பேருக்கு வரும். சூடு இருந்தால் திரிந்துவிடும். நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, 3 டீஸ்பூன் உப்பு. பச்சைமிளகாயைக் கீறிப் போடுங்கள், அரைக்க வேண்டாம்; குழந்தைகளும் குடிப்பார்கள். மதியத்துக்குள் தீராதது புளித்துவிடும், ஆகவே இரண்டு தடவையாகக் கலக்குங்கள்.

டம்ளரைச் சங்கிலியில் கட்டினால் கழுவ முடியாது. காணாமல் போனால் போகட்டும்.