பழைய ரூட்மாஸ்டர் பேருந்தின் துருப்பிடித்த பாகத்தை அசல் கெடாமல் மீட்பது எப்படி?

லண்டனின் சிவப்பு மாடிப் பேருந்தான, ஏஇசி நிறுவனத்தின் ரூட்மாஸ்டர், 1954 முதல் 1968 வரை மொத்தம் 2,876 தயாரானது. 2005 டிசம்பர் 9 அன்று 159-ஆம் தடத்தோடு அதன் அன்றாடச் சேவை முடிந்தது. இன்றும் ஆர்வலர்கள் பலர் அதைச் சீர்செய்து ஓட்டுகிறார்கள். துருப்பிடித்த பாகத்தைக் கண்டதும் புதிதாக ஒன்று செய்து மாட்டிவிடுவது சுலபம்தான். ஆனால் பழைய பாகத்தில்தான் துளைகளின் சரியான இடம், தகட்டின் தடிமன், அடியில் கிடக்கும் முதல் பெயின்ட் எல்லாம் இருக்கின்றன. அதனால் மீட்க முடிகிற வரை மீட்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதல் வேலைக்குக் கையடக்கமான ஒரு பிராக்கெட்டோ கீலோ போதும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பக்கம் தொடக்கக்காரர்கள் போகவே கூடாது.

1. காந்தம் வைத்துப் பாருங்கள்

ரூட்மாஸ்டருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. அலுமினிய உடலின் முன்னும் பின்னும் இரும்புத் துணைச்சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே கையில் இருப்பது எந்த உலோகம் என்று முதலில் தெரிய வேண்டும். காந்தம் ஒட்டினால்தான் கீழே சொல்லும் முறை. அலுமினியத்தை அதற்கான வாஷிங் சோடா (சலவை சோடா) கரைசலில் போட்டால் அரித்துத் தின்றுவிடும்.

2. கழற்றும் முன் படம் எடுங்கள்

நான்கு பக்கமும் படம் எடுத்து, எந்தத் துளையில் எந்த போல்ட் என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டி என்பதால் நட்டும் போல்ட்டும் அங்குலக் கணக்கு. மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் தலை மழுங்கிப்போகும். இறுகியதை வலுக்கட்டாயமாகத் திருகாமல், துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவிடுங்கள்.

போல்ட்டுக்குப் பதில் ரிவெட்டாக (தட்டி இறுக்கிய ஆணி) இருந்தால் அதன் தண்டு அளவுள்ள டிரில் பிட்டால் தலையை மட்டும் துளைத்தெடுத்து, மிச்சத்தை பஞ்ச் எனும் உளி போன்ற கருவியால் தட்டி வெளியேற்றுங்கள். முழு ஆழத்துக்கும் துளைத்தால் அசல் துளை பெரிதாகிவிடும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காயவைத்துத் தேய்க்காதீர்கள். ஈரத்தோடு சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள். இன்ஜின் பக்கத்துப் பழைய வெப்பத்தடுப்பு அட்டையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அதைத் தொடவே வேண்டாம்.

3. மின்சாரத்தால் துரு எடுப்பது

கிரைண்டர் துருவோடு நல்ல இரும்பையும் சேர்த்தே தின்னும். இந்த முறையில் நல்ல இரும்பு அப்படியே நிற்கும், பாகத்தில் அடித்த எண் இருந்தால் அதுவும் தெளிவாகத் தெரியும்.

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரையுங்கள். பாகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டுக் கம்பியில் தொங்கவிடுங்கள். எதிரே ஒரு பழைய இரும்புத் துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸைப் பாகத்திலும் பிளஸ்ஸை இரும்புத் துண்டிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் கரைவது உங்கள் அசல் பாகம்தான். எதிர்த் துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், அதிலிருந்து நச்சான குரோமியம் கரைசலில் இறங்கும்.

சார்ஜரைப் போட்டதும் பாகத்திலிருந்து பொடிப்பொடிக் குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. எனவே திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். வாளியில் கை விடும் முன் சார்ஜரை அணையுங்கள். எதிர்த் துண்டைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாகத்தைத் திருப்புங்கள். சிவப்புத் துரு கறுத்து, பிரஷ்ஷால் தேய்த்தாலே வழியும் பதம் வந்தால் எடுத்துவிடலாம்.

ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் ஆகியவற்றை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை முறியும்படி ஆக்கிவிடும்.

4. உடனே காயவைத்து பிரைமர் அடியுங்கள்

சுத்தமான ஈர இரும்பு கண்ணெதிரே பழுப்பேறும். அலசியதும் துடைத்து, ஹீட் கன்னால் சூடாக்கி, ஆறியதும் துரு தடுக்கும் பிரைமர் பூசுங்கள். மேல் பெயின்ட்டுக்கு நிறம் தேட வேண்டுமானால் வண்டியின் மறைவான மூலையில் பழைய அடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். உட்புறத்துக்கு ரூட்மாஸ்டரின் வடிவமைப்பாளர் டக்ளஸ் ஸ்காட் தேர்ந்தெடுத்தவை பர்கண்டி, பச்சை, மஞ்சள். பளிச்சென்ற கடைச் சிவப்பை அந்தப் பர்கண்டிக்குப் பதில் பூசினால் வண்டியின் முகமே மாறிவிடும்.

5. திரும்பப் பொருத்துவது

இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் நியோப்ரீன் ரப்பர் தகடும், போல்ட்டுக்கு நைலான் வாஷரும் கொடுங்கள். நீர் தேங்கும் உட்குழிவில் மெழுகு கலந்த துரு தடுப்பானைத் தெளியுங்கள்.

சோறு போல் உதிர்ந்து எடை தாங்காத பாகம் என்றால் புதிதுதான் வழி. அப்போதும் பழையதை எறியாமல், எந்த வண்டி, எந்த இடம் என்று சீட்டுக் கட்டி வையுங்கள். அடுத்தவர் ஒருவருக்கு அளவெடுக்க அதுதான் மாதிரி.