மழைநாளில் வெளுத்துப்போன மேலங்கி

எங்கள் ஊர் தக்கலை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு; காற்றில் ஈரம் குறையும் நாட்கள் கொஞ்சம்தான். சூப்பர் ஹீரோ பொம்மைக்கு வண்ணம் தீட்டும்போது அது எனக்கு நினைவில் இல்லை.

பொம்மை கட்டைவிரல் அளவுதான். கருப்பு மேலங்கியின் மடிப்புகளில் கருநீலத்தைத் தண்ணீராகக் கரைத்து, ஐந்தாறு பூச்சாக ஏற்றியிருந்தேன். 3 இரவு வேலை. கடைசியில், வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, வண்ணத்தைக் காக்க, திண்ணையில் வைத்து மேட் வார்னிஷ் (பளபளக்காத மேல்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். 10 நிமிடத்தில் மேலங்கி முழுக்கத் திருநீறு பூசியதுபோல வெளுத்துவிட்டது. எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

ஈரக்காற்றில் அடித்தால் வார்னிஷ் படலம் நுண்ணிய சொரசொரப்போடு காய்ந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. அடியில் வண்ணம் அப்படியேதான் இருக்கும், உரித்தெடுக்கத் தேவையில்லை. ஒரு நாள் நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை மெல்லிய பிரஷால் ஒரு பூச்சு கொடுத்தேன். அது சொரசொரப்பின் இடுக்குகளை நிரப்ப நிரப்ப, பிரஷ் போன வழியெல்லாம் கருநீலம் திரும்பி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! மடிப்பின் ஆழத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம். அங்கே இரண்டாவது பூச்சு.

மறுநாள் பளபளப்பை அடக்க, மேட் வார்னிஷையும் பிரஷாலேயே பூசினேன். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் தங்கும் பொடி கலக்காவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். ஸ்ப்ரேயை மாசி, பங்குனி வெயிலுக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.