சுங்கத்தில் சரக்கு நின்றுவிட்டால்: புதிய இறக்குமதியாளர்கள் செய்ய வேண்டியவை

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கைச் சுங்கம் விடுவிக்கவில்லை என்று வாஃப் கிளார்க் (உங்கள் சார்பில் துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வேலையைப் பார்ப்பவர்) வந்து சொன்னால், அது தடுத்துவைக்கப்பட்டிருக்கிறதா, கைப்பற்றப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் கேட்டறியுங்கள். விலையிலோ ஆவணத்திலோ அனுமதியிலோ எழுந்த ஐயம் தீரும்வரை நிறுத்திவைப்பது தடுத்துவைத்தல். சட்டம் மீறப்பட்டதாகக் கருதி, அரசுடைமையாக்கும் நோக்கில் எடுத்துக்கொள்வது கைப்பற்றல். இரண்டுக்கும் வழி வேறு, கெடுவும் வேறு.

தடுத்துவைத்தல் என்றால், என்ன குறை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வயர்லெஸ் கருவிகளாக இருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவைப்படலாம். விலையில் ஐயம் என்றால், இன்வொயிஸை மட்டும் நீட்டுவது போதாது. வங்கி வழியாகப் பணம் அனுப்பிய சான்று, விற்பனையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, விலைப்பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

இதற்கிடையே செலவு ஏறிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் கிடப்பதற்கான வாடகை வேறு, கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கத் தாமதித்ததற்காகக் கப்பல் நிறுவனம் கேட்கும் டெமரேஜ் வேறு. விசாரணை நீளும் என்று தெரிந்தால், சுங்கத்தின் அனுமதியோடு சரக்கை இறக்கிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு, காலிக் கொள்கலனை ஒப்படைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

கைப்பற்றல் அறிவித்தல் கையில் கிடைத்தால், நான்கு விடயங்களை உடனே பாருங்கள்: திகதி, சட்டப் பிரிவு, பொருளின் விவரம், அளவு. நூற்றிருபது பெட்டி வந்திருக்க, தாளில் நூற்றுப் பத்து என்று இருந்தால் அன்றைக்கே எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் திகதியே முக்கியம். 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 154 ஆம் பிரிவுப்படி, கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உரிமை கோரப்போவதாக எழுத்தில் அறிவித்து, பிணையும் (வழக்கை நடத்துவதற்கான உத்தரவாதம்) கொடுக்க வேண்டும்; தவறினால் சரக்கு அரசுடைமையானதாகவே கொள்ளப்படும். அறிவித்தலும் பிணையும் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்கும் தொடர வேண்டும். அதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கிறோம், விசாரணை நடக்கிறது என்ற நம்பிக்கையில் பலர் இந்த ஒரு மாதத்தை இழந்துவிடுவது மிகவும் வருத்தத்துக்குரியது. வாய்ப்பேச்சு எவ்வளவு நல்லவிதமாகப் போனாலும் அறிவித்தலைக் கொடுத்துவிடுங்கள். பிரதியில் கையேற்ற முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வழக்குக்குப் போகாத வழியும் உண்டு. கைப்பற்றிய சரக்கை, தாம் பொருத்தமெனக் கருதும் நிபந்தனைகளுடன் திருப்பிக் கொடுக்க 163 ஆம் பிரிவு சுங்கப் பணிப்பாளர் நாயகத்துக்கு அதிகாரம் தருகிறது. தவறு எப்படி நேர்ந்தது என்பதை மறைக்காமல் விளக்கி, ஆவணங்களை இணைத்து விண்ணப்பியுங்கள். விடுவிப்பு உத்தரவு கிடைத்து, விதித்த தொகையைக் கட்டிய பின், களஞ்சியத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னரே பெட்டிகளைக் கைப்பற்றல் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். குறைவோ சேதமோ இருந்தால், சரக்கை வெளியே எடுக்காமல் அதை அங்கேயே எழுத்தில் பதிவு செய்யுங்கள்.